பகிடிக்காரரைச் சோகக் கதைக்குள் இறக்குவது எப்படி: குறும்படம் எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் குறும்படம் எடுக்கும் எவருக்கும் ஒருநாள் இந்த யோசனை வரும். மேடையிலும் போன் வீடியோக்களிலும் ஊரைச் சிரிக்க வைக்கும் ஒருவரைப் பிடித்து, கனமான பாத்திரம் ஒன்றைக் கொடுத்தால் என்ன? யோசனை நல்லதுதான். ஆனால் பலர் முதல் நாளே அவரை அழ வைக்கப் பார்க்கிறார்கள். அங்கேயே படம் படுத்துவிடுகிறது.

நான் இதை ஒரு 18 நிமிடப் படத்தில் செய்து பார்த்தேன். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கும் ஒரு தகப்பன், மகளின் சங்கிலியை அடைவு வைக்கப் போகிறார். அவ்வளவுதான் கதை. நடித்தவர் கோயில் திருவிழா மேடைகளில் இருபது வருடமாகப் பகிடி செய்தவர். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். அதற்குப் பிறகு வேறு சில தம்பிமாரின் படப்பிடிப்புகளிலும் கூட நின்றேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பகிடிக்காரரிடம் இருக்கும் பகிடியைப் பிடுங்க நினைக்கிறார்கள். அதைத் தொடவே தேவையில்லை. சிரிப்பு வருமென்று அவர் காத்திருக்கும் அந்த ஒரு நொடியை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று வாரம் வேண்டும். படப்பிடிப்பு மூன்று நாளில் முடிந்துவிடும், மிச்சம் எல்லாம் ஒத்திகைக்கு. இரண்டு நாள் ஒத்திகையோடு கெமராவைத் தூக்கினால் அவருடைய பழைய பழக்கங்களைத்தான் படம் பிடிப்பீர்கள்.

ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் அறை வேண்டும். வேடிக்கை பார்க்க ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் அவர் அந்த ஒருவருக்காக நடிக்கத் தொடங்கிவிடுவார். அது அவருடைய தொழில், குற்றம் சொல்ல முடியாது.

கதையில் வரும் பொருட்கள் ஒத்திகை தொடங்கும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும். படப்பிடிப்பன்று வாங்கலாம் என்று விடாதீர்கள். ஏன் என்பது நான்காம் படியில் விளங்கும்.

காசு அலுவலையும் முதலே கதைத்து முடியுங்கள். மூன்று வாரம் தாடி வளர்க்கச் சொன்னால் அந்த மூன்று வாரமும் அவருக்கு மேடை இல்லை, வீடியோ இல்லை. அந்த இழப்பை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்ட ஒரு படத்தில் நடிகர் இரண்டாம் நாள் கல்யாண வீட்டு நிகழ்ச்சிக்காக மழமழவென்று சிரைத்துக்கொண்டு வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன்.

2. கதையில் அவருக்கு ஒரு சிரிப்பை விட்டுவையுங்கள்

ஊர்ச் சனம் அவருடைய முகத்தைக் கண்டதும் சிரிக்கும். அதைத் தடுக்க முடியாது. தடுக்கப் பார்த்தால் அந்தச் சிரிப்பு அடங்கிக் கிடந்து, நீங்கள் அழுகை எதிர்பார்க்கும் இடத்தில் வெடிக்கும். ஆகவே முதல் இரண்டு நிமிடத்துக்குள் நியாயமான ஒரு சிரிப்பை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

எங்கள் படத்தில் தகப்பன் ஐஸ் கட்டியை உடைக்கும்போது ஒரு துண்டு பறந்துபோய் சாரத்துக்குள் விழும். அவர் துள்ளுவார். சனம் சிரித்து ஓய்ந்துவிடும். அப்புறம் அவருடைய முகத்தைச் சனம் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கும்.

1965இல் வந்த நீர்க்குமிழி படத்தில் நாகேஷுக்குக் கொடுத்த பாத்திரத்தைப் பாருங்கள். மருத்துவமனைக் கட்டிலில் இருந்துகொண்டு மற்றவர்களைச் சிரிக்க வைக்கும் நோயாளி. சிரிப்பை அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை, நோயோடு சேர்த்து வைத்தார்கள். எழுதும்போதே இதைச் செய்யாவிட்டால் பிறகு நடிகரால் ஒன்றும் செய்ய முடியாது.

3. முதல் சந்திப்பில் வசனத் தாளைக் கொடுக்காதீர்கள்

வசனத்தைக் கண்டால் அவர் உடனே எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தச் சொல்லை இழுப்பது என்று கணக்குப் போட்டுவிடுவார். ஒருமுறை போட்ட கணக்கை அழிப்பது பெரும்பாடு.

அதற்குப் பதிலாக அவருடைய பழைய வீடியோ மூன்றை அவரோடு சேர்ந்து பாருங்கள். ஒருமுறை சத்தத்தோடு. அடுத்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டு. சத்தம் இல்லாமல் பார்க்கும்போது அவருக்கே தன் உடம்பு தெரியும்: புருவம் எப்போது ஏறுகிறது, கழுத்து எப்போது முன்னால் வருகிறது, கை எப்போது இடுப்புக்குப் போகிறது. அவரையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தால் குறை சொன்னதுபோல் இருக்கும், மனம் நோகும்.

எங்கள் அண்ணன் பதினொரு பழக்கம் எழுதினார். கடைசியில் பேனையை வைத்துவிட்டு, "தம்பி, இதையெல்லாம் எடுத்துட்டா என்னட்ட என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். பதில் சொல்லிச் சமாளிக்காதீர்கள். நேரே அடுத்த படிக்குப் போங்கள்.

4. கைக்கு வேலை கொடுங்கள், முகத்துக்குக் கொடுக்காதீர்கள்

"கவலையாக இருங்கள்" என்று சொன்னால் எந்தப் பகிடிக்காரரும் ஒரே முகத்தைத்தான் தருவார். புருவம் சுருங்கும், குரல் அடித்தொண்டைக்கு இறங்கும், கண் தரையைப் பார்க்கும். அது கவலையைக் கேலி செய்வதற்காக அவர் மேடையில் வைத்திருக்கும் முகம். பார்ப்பவருக்கு உடனே பகிடி ஞாபகம் வரும்.

ஆகவே உணர்ச்சியைப் பற்றி மூச்சு விடாதீர்கள். செய்ய ஒரு வேலை கொடுங்கள். சங்கிலியின் கொளுக்கியைக் கழற்றுவது, ஈரக் கையைச் சாரத்தில் துடைப்பது, தாளில் பொதி கட்டுவது. பகிடிக்காரர்கள் பொருளைக் கையாளுவதில் கெட்டிக்காரர்கள். பல வருடம் மேடையில் குடையோடும் செருப்போடும் கதிரையோடும் பகிடி செய்தவர்கள். அந்தத் திறமை இங்கே அப்படியே உதவும்.

மாமன்னன் படத்தில் வடிவேலுவின் பாத்திரமே ஒரு கதிரையில் உட்காருவதா நிற்பதா என்ற கேள்வியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. உட்காருவது ஒரு வேலை. அதை உடம்பால் செய்யலாம். "அவமானப்படு" என்பதைச் செய்ய முடியாது.

எங்கள் அண்ணன் ஒரு வாரம் முழுக்க அந்தச் சங்கிலியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மெய்யான தங்கம் இல்லை, கவரிங்தான். கொளுக்கி மிகச் சின்னது, தடித்த விரலுக்கு அகப்படாது. மூன்றாம் நாள் அதைத் திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது முகத்தில் ஒரு பழக்கமும் இல்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எங்களுக்கு வேண்டிய முகம்.

5. இரண்டாம் பார்வையை நிறுத்துங்கள்

இந்தப் படிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தாலும் இதை அப்படிச் செய்யாதீர்கள்.

பகிடியின் கணக்கு இப்படி: பொருளைப் பார், ஆளைப் பார், திரும்பப் பொருளைப் பார், அப்புறம் வசனம். பொருளைத் திரும்பப் பார்க்கும் அந்த இரண்டாம் பார்வையில்தான் சிரிப்பு வெடிக்கும். வசனத்துக்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம், சனம் சிரித்து முடிய. இது நடிகரின் எலும்புக்குள் இறங்கியிருக்கும், அவர் வேண்டுமென்று செய்வதில்லை.

அடைவு கடைக் காட்சியில் இதை அப்படியே கண்டோம். கடைக்காரர் சங்கிலியைத் தராசில் வைக்கிறார். இரண்டு பவுண் என்று நம்பி வந்த சங்கிலி. இரண்டு பவுண் என்றால் 16 கிராம். தராசில் 14.80 என்று நிற்கிறது. அண்ணன் தராசைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். திரும்பத் தராசைப் பார்த்தார். ஒளிப்பதிவுத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அண்ணனுக்கு அது கேட்டுவிட்டது, அடுத்த முறை இன்னும் பெரிதாகச் செய்தார்.

"திரும்பிப் பார்க்காதீர்கள்" என்று சொன்னால் கழுத்தை இறுக்கிக்கொண்டு நிற்பார், அது இன்னும் மோசம். நாங்கள் செய்தது வேறு. தராசைப் பார்த்தவுடன் மனதுக்குள் ஒரு கணக்குப் போடச் சொன்னோம். 14.80ஐ எட்டால் பிரித்தால் எத்தனை பவுண்? அண்ணனுக்குக் கணக்கு வராது, எனக்கும்தான். அவர் கண் தராசிலேயே நின்றுவிட்டது. உதடு இலேசாக அசைந்தது. பிறகு ஆளைப் பார்க்காமலே, "சரி, போடுங்க" என்றார். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். "தம்பி, ஒருத்தரும் சிரிக்கல்லயே. பிழைச்சுப்போச்சா?"

இந்த இடத்தில்தான் இயக்குநர் கவனமாக இருக்க வேண்டும். இருபது வருடமாக அமைதி என்றால் தோல்வி என்று பழகிய மனிதர் அவர். மேடையில் சனம் மௌனமானால் பகிடி விழவில்லை என்று அர்த்தம். அந்த நேரம் நீங்கள் கைதட்டினால் கைதட்டலுக்காக நடிக்கத் தொடங்குவார். ஒன்றும் சொல்லாமல் விட்டால் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளமாட்டார். எடுத்ததைப் போனில் போட்டு அவர் கையில் கொடுங்கள். தனியாகப் பார்க்கட்டும். அண்ணன் நாலு தரம் பார்த்துவிட்டு ஒரு பிளேன்டீ கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பயிற்சிக்கு ஒரு வழி: வசனம் முடிந்தபின் இருபது விநாடி கெமராவை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். முதல் சில தடவை அவர் அந்த இடைவெளியில் எதையாவது இட்டு நிரப்புவார். தலையைச் சொறிவார், பெருமூச்சு விடுவார். நிரப்ப ஒன்றும் மிஞ்சாத கட்டம் ஒன்று வரும். அங்கேயிருந்துதான் நீங்கள் பயன்படுத்தக்கூடிய படம் தொடங்கும்.

6. குரலில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

சனம் அவரை முகத்தால் அறிவதைவிடக் குரலால் அறியும். வானொலிக் காலத்திலிருந்தே எங்கள் பகிடி குரல் பகிடிதான். பஸ் கண்டக்டர் ஒருவராகக் கே. எஸ். பாலச்சந்திரன் செய்த 'அண்ணை றைற்' தனிநடிப்பை ஒலிநாடாவில் மட்டும் கேட்டே பஸ் முழுவதையும் கண்ணால் கண்டவர்கள் நாங்கள்.

ஆனால் குரலை முழுதாக மாற்றச் சொன்னால் அது மிமிக்ரி ஆகிவிடும், அவர் அதிலும் கெட்டிக்காரர். ஒன்றை மட்டும் எடுங்கள். கொட்டுக்காளி படத்தில் பகிடி நடிகராக இருந்த சூரியைத் தொண்டை கட்டிய ஆளாக வைத்துவிட்டார்கள். அந்த ஒரு காரணத்தால் பழைய சூரியின் குரல் படத்துக்குள் வரவே வழியில்லை. நாங்கள் அண்ணனிடம் வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்கச் சொன்னோம். பகிடிக்காரர் கடைசிச் சொல்லைத்தான் அடித்துச் சொல்வார், சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. அதை மெதுவாக விட்டால் பாதி வேலை முடிந்தது.

பேச்சு வழக்கைத் தொடாதீர்கள். திருகோணமலை ஆளை யாழ்ப்பாணத் தமிழில் கதைக்க வைத்தாலோ, இந்தியப் படத் தமிழில் கதைக்க வைத்தாலோ அவர் கவனம் முழுக்க வாயில் நிற்கும்.

7. இடமும் நேரமும்

ஊர் அறிந்த ஆளை ஊருக்குள் வைத்து எடுப்பது தனிச் சிக்கல். டச்பே கடற்கரையில் பின்னேரம் ஐந்து மணிக்குக் கெமராவை வைத்தால் பத்தே நிமிடத்தில் கூட்டம் கூடும். யாராவது ஒருவர் அவருடைய மேடை வசனத்தைக் கத்துவார். அவரும் மரியாதைக்குத் திரும்பக் கத்துவார். அன்றைய நாள் போச்சு.

விடியற்காலை போங்கள். டச்பேயில் சூரியன் கடலிலிருந்து எழும்புவதால் ஆறு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முகத்தில் நல்ல வெளிச்சம். கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் முகம் இருண்டுவிடும், பகிடிக்காரரின் முகத்தை இருட்டில் விட்டுவிட்டு என்ன செய்யப்போகிறீர்கள்? சந்தைக் காட்சிகளுக்கும் அதிகாலைதான் சரி. எல்லோரும் மீன் விலையில் மும்முரமாக இருப்பார்கள், நடிகரைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. வீட்டுக் காட்சிகளை உவர்மலை, உப்புவெளிப் பக்கம் உள்ளொழுங்கைகளில் எடுக்கலாம். அவரை அதிகம் அறியாத இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை. கோணேசர் கோயில் பாதைதானே என்று கெமராவோடு நுழையாதீர்கள். அனுமதியை முதலே எடுத்துக் கையில் வைத்திருங்கள். வாசலில் மறித்து விசாரிக்கும்போது பகிடிக்காரர் நிலைமையைச் சமாளிக்கப் பகிடி விடுவார், மூன்று வாரம் கட்டியது அந்த ஒரு நிமிடத்தில் கலைந்துவிடும்.

காற்றையும் பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் அடிக்கும். (எங்களுக்குக் கச்சான் என்றால் காற்றும்தான், வறுத்துத் தின்னும் கொட்டையும்தான். வெளியூர் ஒலிப்பதிவாளர் ஒருவருக்கு இதை விளங்கப்படுத்த அரை நாள் போனது.) மெல்லக் கதைக்கச் சொல்லிப் பழக்கிய குரல் அந்தக் காற்றில் மைக்குக்கு எட்டாது. சட்டைக்குள் வைக்கும் மைக்குக்குக் காற்றுத் தடுக்கும் பஞ்சுறை போடுங்கள், உரையாடல் காட்சிகளைக் காற்று எழும்புமுன் முடியுங்கள். "கொஞ்சம் சத்தமாகக் கதையுங்கள் அண்ணன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சத்தம் கூடினால் மேடை திரும்பி வந்துவிடும். ஐப்பசிக்குப் பிறகு மழை, அதை நம்பித் திகதி வைக்க வேண்டாம்.

மான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டைப் பக்கத்து மான்கள் கடற்கரைக்கும் தெருவுக்கும் தாராளமாக வரும். எங்கள் படத்தில் அண்ணன் அடைவு ரசீதைப் பிடித்துக்கொண்டு மதிலில் உட்கார்ந்திருக்கும் காட்சி. பின்னாலிருந்து ஒரு மான் வந்து அந்தத் தாளை மணந்து பார்த்தது. மேடையில் என்றால் அரை மணி நேரப் பகிடி. அண்ணன் மானைப் பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு கடலைப் பார்த்தார். மானை இரண்டாம் முறை பார்க்கவில்லை. நான் கெமராவை நிறுத்தவே மறந்துவிட்டேன்.

8. படப்பிடிப்பு நாட்களின் ஒழுங்கு

முதல் நாள்: வசனமே இல்லாத வேலைக் காட்சிகள். ஐஸ் உடைப்பது, நடப்பது, சைக்கிளைப் பூட்டுவது. அவருக்குத் தன் மேல் நம்பிக்கை வர இவை உதவும்.

இரண்டாம் நாள்: மற்றவர் கதைக்க அவர் கேட்கும் காட்சிகள். பகிடிக்காரர் கேட்கும்போது அடுத்து தான் விடப்போகும் பகிடியை யோசிப்பார். எதிரில் நடிப்பவரிடம் சில வசனங்களை இரகசியமாக மாற்றிக் கதைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் மெய்யாகக் கேட்பார்.

மூன்றாம் நாள் பின்னேரம்: அழுகை, அப்படி ஒன்று இருந்தால். அந்தக் காட்சியை வேண்டாம் என்று விட்டுவிடுவதே பெரும்பாலும் நல்லது. எங்களுடையதில் எழுதி வைத்திருந்தேன், எடுக்கவில்லை. மான் காட்சி அந்த வேலையை முதலே முடித்துவிட்டது.

குழுவுக்கு ஒரு கட்டளை: எடுக்கும்போது சிரிக்கக்கூடாது. அதைவிட முக்கியம், இடைவேளையிலும் அவரைப் பகிடி விடச் சொல்லிக் கேட்கக்கூடாது. சாப்பாட்டு நேரம் தம்பிமார் சூழ்ந்துகொண்டு "அண்ணன், அந்தப் பொலிஸ்காரக் கதையச் சொல்லுங்க" என்பார்கள். அவரும் சொல்வார். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் நான்கு டேக்கும் அந்தப் பொலிஸ்காரக் கதைதான். அவராக விடும் பகிடியைத் தடுக்காதீர்கள், அது அவருக்கு மூச்சு.

கெமராவை எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் அவருக்குச் சொல்லுங்கள். மண்டபத்தின் கடைசி வரிசைக்கு நடித்துப் பழகியவருக்கு மூன்றடி தூரத்தில் இருக்கும் லென்ஸ் என்ன பார்க்கிறது என்று தெரியாது. முகத்தை நெருக்கமாக எடுத்த ஒன்றைப் போனில் காட்டினால் அவராகவே பாதியாகக் குறைத்துவிடுவார்.

9. வெட்டி ஒட்டும்போது

இங்கே நிறையப் பேர் கவிழ்கிறார்கள். பகிடிக்காரரின் படத்தை வெட்டும் கை பகிடிக்காக வெட்டிப் பழகிய கை. வசனம் முடிந்த கணமே எதிர்முகத்துக்குப் போகும். அப்படிப் போனால் சோகமான வசனமும் பகிடி வசனம்போல் கேட்கும். வசனம் முடிந்தும் அவர் முகத்திலேயே இரண்டு மூன்று விநாடி நில்லுங்கள்.

வயலின் வேண்டாம். சனத்துக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் இசை போட்டு உதவுகிறீர்கள் என்று சனம் கண்டுபிடித்துவிடும். சந்தை இரைச்சலும் காகமும் போதும். சில இடத்தில் இசை தேவைப்படலாம், முதல் வெட்டில் மட்டும் போடாதீர்கள்.

10. போட்டுக் காட்டிப் பாருங்கள்

வெளியிடுமுன் எட்டுப் பத்துப் பேருக்குக் காட்டுங்கள். பாதிப் பேர் அவரை அறிந்தவர்கள், பாதிப் பேர் அறியாதவர்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், சனத்தைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் சிரித்தார்கள் என்று குறியுங்கள்.

இரண்டு பகுதியும் சிரித்த இடம் மெய்யான பகிடி. அது நீங்கள் வைத்ததென்றால் இருக்கட்டும். அறிந்தவர்கள் மட்டும் சிரித்த இடத்தில் பழைய பழக்கம் ஒன்று ஒளிந்திருக்கிறது. திரும்பப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் புருவமாக இருக்கும். எங்களுக்கு அப்படி மூன்று இடம் அகப்பட்டது. இரண்டை வெட்டினோம். மூன்றாவது கடைவாசலில் செருப்பைத் தேடும் இடம், வெட்டினால் அடுத்த காட்சி ஒட்டாது. அப்படியே விட்டோம், இன்றைக்கும் அந்த இடத்தில் ஊர்ச் சனம் சிரிக்கிறது.

வெளியிடும் திகதியை அவரிடம் கேட்டு வையுங்கள். அதே கிழமை அவருடைய புதுப் பகிடி வீடியோ வந்தால் இரண்டுக்கும் கேடு. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா நேரம் அவருக்கு மேடை இருக்கும். எங்கள் படம் அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் வெளியே போனது.